டிகாஷன் இறங்கவில்லை

இறங்கவில்லை. சுலோச்சனா ஃபில்டரின் மேல் பாத்திரத்தைத் தூக்கிக் கீழே எட்டிப் பார்த்தாள். அடியில் ஒரே ஒரு சொட்டு, பொட்டு வைத்த அளவுக்கு. வெந்நீர் ஊற்றி எவ்வளவு நேரமாயிற்று, பக்கத்து அடுப்பில் பால் பொங்கி அடங்கி ஆடை கூடக் கட்டிவிட்டது, இது மட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது. ஆடி மாதத்திலிருந்து பரண் மேல் கிடந்த ஃபில்டர். நேற்று சாயங்காலம் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தபோதே ஓட்டைகளெல்லாம் அடைத்துப் போயிருந்தன. புளி போட்டுத் தேய்த்தாள். காலையில் எழுந்ததும் இடுக்கியில் பிடித்து அடிப்பக்கத்தை அடுப்புத் தீயில் காட்டினாள். அடைத்திருக்கும் பழைய தூள் கருகி உதிர்ந்தால் ஓட்டை திறந்துகொள்ளும், அவர் அப்படித்தான் செய்வார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது ஓட்டைகள் சுத்தமாகத்தான் தெரிந்தன. பிறகு ஏன் இறங்கவில்லை. தட்டலாமா. கரண்டிக் காம்பால் மூடியில் இரண்டு தட்டுத் தட்டு என்பார்கள் அவளுடைய பிறந்த வீட்டில், அங்கே காலையில் ஃபில்டரைத் தட்டுகிற சத்தத்தில்தான் எல்லோரும் கண் விழிப்பார்கள். இவர் தட்ட விட மாட்டார். தட்டினால் தூள்தான் கீழே போகும், அது இறங்குகிறபோது இறங்கட்டும், உனக்கென்ன ரயிலைப் பிடிக்க வேண்டுமா என்பார். என்பார் என்று நினைத்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள். இன்றைக்கு சமையலறைக் கதவு திறந்திருக்கிறது. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடவில்லை. வாசனை ஹாலைத் தாண்டி அந்த அறைக்குள் போக வேண்டும், தணிகாசலம் படுத்திருக்கிற கட்டில் வரைக்கும் போக வேண்டும், அவர் எழுந்து வர வேண்டும். வந்தால் சரி. வராவிட்டால் இந்த ஃபில்டரை, மீதித் தூளோடு சேர்த்து, பாத்திரம் தேய்க்க வருகிற பொன்னுத்தாயிடம் கொடுத்துவிடுவது, பிறகு இந்த வீட்டில் காப்பிப் பேச்சே கிடையாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் வெந்நீரை ஊற்றினாள். ஊற்றியது இறங்கினால்தானே வாசனை வருவதற்கு.

நெனப்பே வர்றதில்ல. நேற்று டாக்டரிடம் அப்படித்தான் சொன்னார். ரிப்போர்ட்டையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, நன்றாகத் தேறியிருக்கிறீர்கள் என்றார் அந்தச் சின்ன வயது டாக்டர், அவளுடைய மகளைவிடச் சின்னவராக இருப்பார், பிறகு சிரித்துக்கொண்டே, "காலைல ஒரு அரை டம்ளர் காபி வேணா குடிச்சுக்கலாம் சார், ஸ்ட்ராங்கா வேண்டாம்" என்றார். சுலோச்சனாவுக்கு அந்த அறையிலேயே எழுந்து நின்று கும்பிட வேண்டும் போல இருந்தது. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் மேஜை மேல் இருந்த பிளாஸ்டிக் இதயத்தைப் பார்த்துக்கொண்டு, "வேண்டாங்க டாக்டர், விட்டாச்சு. இப்ப நெனப்பே வர்றதில்ல" என்றார். நெனப்பே வர்றதில்ல. எதன் நெனப்பு. காப்பி நெனப்பு வரவில்லை என்றால் காப்பியோடு சேர்ந்து வந்ததெல்லாம் எங்கே போயிற்று. கறிவேப்பிலையை எடுத்து ஓரமாக வைப்பதுபோல ஒருத்தர் அதையும் எடுத்து வைத்துவிட முடியுமா. ஆட்டோவில் திரும்பி வரும்போது காப்பித்தூள் அரைக்கிற கடை முனையில் நிறுத்தச் சொன்னாள். கடைக்காரர், "என்னுங்கம்மா, ரொம்ப நாளா ஆளையே காணோம்" என்று கேட்டுக்கொண்டே, பீபெரி பாதி, பிளான்டேஷன் பாதி, சிக்கரி கொஞ்சமே கொஞ்சம் என்று இவள் சொல்லாமலே போட்டு அரைத்துக் கொடுத்தார். சூடான பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆட்டோ முழுக்க வாசனை. யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. எதுக்கு என்றும் கேட்கவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் என்னவோ பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார், வீடு வரும்வரை திருப்பிக்கொண்டே இருந்தார். முகத்தைத் திருப்பியது வாசனை பிடிக்காமலா, பிடித்தா. ராத்திரியெல்லாம் இதே கேள்வி, புரண்டு படுத்தால் அந்தப் பக்கமும் இதே கேள்வி.

பாலின் கீழே தீயைக் குறைத்தாள். இந்த அடுப்புக்கு முன்னால் நிற்கிறவர் அவராகத்தான் இருந்தார், கல்யாணமான மறு வாரத்திலிருந்து. அப்போது மாமியார் கூட வாய்விட்டுச் சிரித்தார், ஆம்பள காப்பி போட்டுக் கட்டிலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற அதிசயம் இந்த வீட்டில்தான் என்று. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பம்ப் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை, நூலளவு கூடினாலும் குறைந்தாலும் தள்ளிவிடுகிற வேலை, அந்தக் கையால் தூள் போட்டு, காம்பு வைத்த ஓட்டைத் தட்டான குடையை மேலே வைத்து அழுத்தி, கொதிக்கிற தண்ணீரைச் சுற்றி ஊற்றி, அது இறங்குகிறவரை பேப்பரைப் படிக்காமல் ஃபில்டரையே பார்த்துக்கொண்டு நிற்பார். டவராவிலும் டம்ளரிலுமாக உயரத் தூக்கி ஆற்றுகிற சத்தம் கட்டிலில் படுத்திருக்கிற அவளுக்குக் கேட்கும். கேட்டதும் எழுந்துவிடக் கூடாது, நுரை அடங்காமல் டம்ளர் வந்து சேரும்வரை தூங்குகிற மாதிரியே கிடக்க வேண்டும், அது அவர்கள் இருவருக்குள் சொல்லாமல் ஏற்பட்ட ஒழுங்கு. பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பேசுவார். மற்ற நேரமெல்லாம் வாய்க்குப் பூட்டுப் போட்ட மனுஷன், மகள் மைதிலி கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரோடு மொத்தமாக நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம், காலையில் மட்டும் அந்த முதல் வாய் காப்பி தொண்டையில் இறங்கியதும் அவருக்குள் எங்கேயோ ஒரு தாழ்ப்பாள் கழன்றுவிடும். பேசுவதும் என்ன, ராத்திரி கண்ட கனவு. பம்ப்பெல்லாம் தானாக ஓடிச் சிறுவாணித் தண்ணீர் தெருவில் ஓடுகிறது, செத்துப்போன சித்தப்பா லுங்கியோடு பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறார், மைதிலி மறுபடியும் கைக்குழந்தையாகிவிட்டாள், ஆனால் கண்ணாடி போட்டிருக்கிறாள். அவள் கேட்டுச் சிரிப்பாள். சில நாள் சிரிக்காமல் கையை மட்டும் பிடித்துக்கொள்வாள். காலி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து போனால் அன்றைய பேச்சு முடிந்தது, இனி நாளைக் காலைதான். அது போதும் என்று இருந்தது அவளுக்கு. இத்தனை வருஷமும் ஒரு நாளின் தலைமாட்டில் அந்தக் கொஞ்ச நேரம் இருந்தது, அதை வைத்துக்கொண்டு மீதிப் பொழுதை ஓட்டிவிட முடிந்தது. இப்போது அவருக்கு என்ன கனவு வருகிறது என்று அவளுக்குத் தெரியாது. ஒரே கட்டிலில் படுத்திருக்கிற மனுஷனுக்கு என்ன கனவு வருகிறது என்று தெரியவில்லை.

எட்டிப் பார்த்தாள். இன்னொரு சொட்டு விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது, விழவில்லை. தொங்குகிறதைப் பார்க்காதே, வேறு எங்கேயாவது பார். டவராவைப் பார்த்தாள். டவராவின் விளிம்பில் அந்த நசுங்கல். அதைப் பார்க்கக் கூடாது என்றுதானே வேறு பக்கம் திரும்பினாள், திரும்பினால் அதுவே நிற்கிறது. அன்றைக்கும் அவள் படுத்துக்கொண்டுதான் இருந்தாள், கண்ணை மூடி, டம்ளருக்காகக் காத்துக்கொண்டு. ஆற்றுகிற சத்தம் கேட்டது, ஒரு தரம், இரண்டாம் தரம், மூன்றாவது தரம் பாதியில் நின்றது, பிறகு எவர்சில்வர் தரையில் விழுந்து உருளுகிற சத்தம். உருண்டுகொண்டே போய் அலமாரிக் காலில் முட்டி நிற்கிறவரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "என்னுங்க, தரைக்குக் காப்பி குடுத்தாச்சா?" என்று படுத்தபடியே கேலி வேறு செய்தாள். பதில் வரவில்லை. அதற்கு அப்புறம் நடந்ததை அவள் நினைப்பதில்லை, ஆம்புலன்ஸையும் நினைப்பதில்லை, கண்ணாடிக் கதவையும் நினைப்பதில்லை, அவருடைய சட்டையில் சிந்தியிருந்த காப்பி ஆஸ்பத்திரி வராந்தாவில் காய்ந்து மணந்துகொண்டிருந்ததை மட்டும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதனால்தான் பயம். அவர் அடுப்படிக்கு வர வேண்டும் என்று கிடந்து தவிக்கிறாள், வந்து நின்று கையைத் தூக்கி ஆற்றினால் அந்தச் சத்தத்தைக் கேட்க இவளுக்குத் தைரியம் இருக்கிறதா. இல்லை. ஆனாலும் வர வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீட்டுக்கு வந்த அன்றே ஃபில்டரைப் பரணில் போட்டாள். அவருக்கு இல்லாத காப்பி எனக்கெதற்கு என்று எல்லோர் எதிரிலும் சொன்னாள், மைதிலி ஃபோனில் சபாஷ் அம்மா என்றாள். அதற்கப்புறம் மைதிலி அனுப்பாத செய்தி இல்லை. காப்பி குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும், காப்பி குடித்தால் ஆயுள் கூடும், சாப்பாட்டோடு காப்பி குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் ஒட்டாது, காப்பி குடிப்பவர்களுக்கு ஞாபக மறதி வராது, வெறும் வயிற்றில் குடித்தால் குடல் புண்ணாகும், எல்லாம் ஒரே வாரத்தில். கூடவே ஒரு பெட்டி கிரீன் டீ. அது புல்லை வேகவைத்த தண்ணீர், நல்லதுதான், உடம்புக்கு நல்லதெல்லாம் நாக்குக்குப் பகை என்று யார் விதித்தார்களோ. நல்லது கெட்டது தெரியாமல் இல்லை அவளுக்கும். பதினோரு மணிக்கு மேல் நெஞ்சைக் கரிக்கும், ஜெலுசில் பாட்டில் தீரத் தீர வாங்கி வைக்க வேண்டும். ஒரு நாள் நேரம் தப்பினால் எல்லோர் மேலும் எரிந்து விழத் தோன்றும். காப்பி குடிக்காமல் கோயிலுக்குக் கூடப் போக முடியாத அடிமைப் பிழைப்பு, சாமியே நேரில் வந்தாலும் இருங்க ஒரு வாய் குடிச்சிட்டு வந்தர்றேன் என்று சொல்லும்படியான பிழைப்பு. இந்தப் பக்கம் பார்த்தால் அந்த ஒரு டம்ளர் இல்லாமல் விடிந்ததாகவே தெரியாது, கை கால் ஓடாது, அவருக்கோ அது உள்ளே போனால்தான் காலைக்கடன். இரண்டு பக்கமும் எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்க்கிற விஷயமா இது. விட்ட மூன்றாம் நாள் தலை வெடித்துவிடும் போல ஒரு வலி, நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிடந்தாள். நாலாம் நாள் பொன்னுத்தாயிடம் சொல்லிப் பெட்டிக்கடையில் தொங்குகிற இன்ஸ்டன்ட் காப்பிப் பாக்கெட் சரமாக வாங்கினாள். துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். அவர் ஏழரைக்கு முன்னால் எழுவதில்லை, மாத்திரைத் தூக்கம். அதற்குள் கதவைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, பாலைச் சுட வைத்து, பொடியைக் கொட்டிக் கலக்கி, நின்றபடியே நாலு வாயில் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து, ஒரு ஏலக்காயை மென்றுகொண்டே கதவைத் திறப்பாள். இந்த வயதில், தன் வீட்டில், தன் அடுப்படியில், திருட்டுக் காப்பி.

தலைவலி போயிற்று. ஆனால் அது குடித்த மாதிரியே இல்லை. அது ஏன் என்று ஏழு மாதமாக யோசிக்கிறாள். பாக்கெட் பொடியின் குறையென்று முதலில் நினைத்தாள், நின்று குடிப்பதால் என்று ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தாள், சர்க்கரையைக் கூட்டிப் பார்த்தாள். டம்ளர் காலியாகும், ஏக்கம் அப்படியே இருக்கும், இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும். உடம்பு கேட்டதைக் கொடுத்தாயிற்று, இன்னும் கேட்கிறது எது. நேற்று ஆட்டோவில் அந்தச் சூட்டுப் பொட்டலத்தை மடியில் வைத்தபோதுதான் பளிச்சென்று தெரிந்தது, அவளுக்கு வேண்டியது கட்டிலின் ஓரம் அவர் உட்காரும்போது மெத்தை ஒரு பக்கம் அமுங்குமே, அது. அந்த அமுங்கலுக்கு ஏங்கிக்கொண்டிருக்கிறாள், வேறு ஒன்றுக்கும் இல்லை. அவரோ, நெனப்பே வர்றதில்ல. போகட்டும், மனுஷன் உயிரோடு இருக்கிறாரே, அதற்கு மேல் என்ன பேராசை. பேராசைதான். இருக்கட்டும். வெளியே தெருக்குழாயில் யாரோ குடத்தைப் போட்டு இழுக்கிறார்கள். தை மாதக் குளிரில் ஜன்னல் கம்பி சில்லென்று இருக்கிறது. பால்காரனின் வண்டி திரும்பிப் போகிறது. அறையில் கட்டில் கிறீச்சிட்டதா. கிறீச்சிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புரண்டு படுத்திருப்பார். மறுபடியும் சத்தமில்லை. ஃபில்டரைத் தொட்டுப் பார்த்தாள், மேல் பாத்திரமே ஆறத் தொடங்கிவிட்டது. ஆறிப்போன தண்ணீர் தூளில் ஊறி என்ன சத்தை இறக்கப் போகிறது. வாசனையும் வரவில்லை, ஆளும் வரவில்லை. இதென்ன பைத்தியக்காரத்தனம், தூங்குகிற மனுஷனை மூக்கைப் பிடித்து இழுத்து எழுப்புகிற மாதிரி, வேண்டாம் என்று வாய் திறந்து சொன்னவரிடம். பொன்னுத்தாய்க்கே போகட்டும். கதவைச் சாத்திவிட்டுப் பழையபடி பாக்கெட்டைக் கிழிக்கலாம் என்று திரும்பிக் கதவின் மேல் கை வைத்தாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் தணிகாசலம் நின்றுகொண்டிருந்தார். மங்கி குல்லாய், தோளில் துண்டு. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

"இன்னும் எறங்கலையா?" என்றார்.

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவர் உள்ளே வந்து, மூடியைத் திறந்து, ஃபில்டருக்குள் குனிந்து பார்த்தார்.

"கொடைய இப்பிடிப் போட்டு அமுக்கினா எப்பிடிப் புள்ள எறங்கும்? மூச்சு முட்டிப் போச்சு தூளுக்கு." ஸ்பூன் காம்பை உள்ளே விட்டுக் குடையை லேசாக நெம்பினார், ஒரு நூல் அளவு. கொதிக்கிற தண்ணீர் கொஞ்சம் கேட்டு வாங்கி மேலே சுற்றி ஊற்றினார். மூடினார். உள்ளே சொட்டு விழுகிற சத்தம் கேட்டது, பிறகு அடுத்தது, பிறகு எண்ண முடியாதபடி.

"நெனப்பே வர்றதில்லைன்னு சொன்னீங்க" என்றாள் சுலோச்சனா. கேட்கக் கூடாது என்றுதான் இருந்தாள், குரல் அதுவாக வந்துவிட்டது.

"பயமா இருந்துச்சு." அவர் டவராவின் நசுங்கலைக் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "டம்ளரத் தூக்கினா மறுக்கா அப்பிடி ஆயிருமோன்னு. டாக்டர்கிட்ட அதையா சொல்றது."

"அதுக்கு ஏழரை மணி வரைக்கும் தூங்கோணுமா? எந்திரிச்சு வந்து சும்மா ஒக்காந்திருக்கலாமில்ல?"

"யார் தூங்கினாங்க? அஞ்சரைக்கெல்லாம் முழிப்பு வந்துருது."

"பொறவு?"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு அலமாரியை, துவரம்பருப்பு டப்பா இருக்கிற தட்டைப் பார்த்தார். "நா எந்திரிச்சு வந்தா நீ அந்தப் பாக்கெட் காப்பியக் கூடக் குடிக்க மாட்டே. தலவலியோட கெடப்பே. அதான் ஃபேன் சத்தம் நிக்கற வரைக்கும் கண்ண மூடிட்டுக் கெடப்பேன். நின்னாலும் ஒடனே வந்தா முழிச்சுட்டுக் கெடந்தது தெரிஞ்சுருமேன்னு இன்னுங் கொஞ்சம் கெடப்பேன். இன்னைக்கு ஃபேனே போடலியே. என்னாச்சோன்னு வந்தேன்."

சுலோச்சனா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஏழு மாதம், ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் அவள் நின்றபடியே விழுங்கிக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் அவர் விழித்துக்கொண்டே தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அழுகையோடு சிரிப்பும் வந்தது. வாசனை இப்போதுதான் எழுந்து அறை முழுக்க நிறைந்தது.

அவர் டிகாஷனைச் சாய்த்துப் பாலை ஊற்றினார். ஆற்றுவதற்கு டம்ளரைத் தூக்கிய கை பாதியில் நின்றது. அவள் முந்தானையை விட்டுவிட்டு அந்தக் கையின் கீழே தன் கையை வைத்தாள். இரண்டு கையுமாகத் தூக்கி ஊற்றினார்கள். உயரமாக இல்லை, நுரையும் சரியாக வரவில்லை, மேடையில் கொஞ்சம் சிந்தியது. முழு டம்ளர் அவளுக்கு. டவராவில் இரண்டு வாய் அவருக்கு. குடித்தார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார், அவர் கண்ணைத் திறக்கிறவரை அவள் தன்னுடையதைத் தொடவில்லை.

"கருகல் வாசம் வருது. ரொம்பத் தீயில காட்டிட்டே" என்றார். "நாளைக்கு நா போடறேன். நீ படுத்துக்க."

"படுக்க மாட்டேனுங்க. இங்கயே நிக்கறேன், உங்க பக்கத்துலயே."

"சரி, நின்னுக்க."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காலி டவராவைக் கீழே வைக்காமல் இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டார். சுலோச்சனா முதல் வாய் குடித்தாள்.

"போன மாசம் ஒரு கனவு கண்டேன் புள்ள" என்று ஆரம்பித்தார்.